தராசைப் பார்க்காமல் மீன் சொல்லாதீர்கள்: கோவா கடற்கரைக் குடிலில் ஒரு மாலை

நவம்பர் பிறந்தால் கோவா கடற்கரைகளில் தமிழ்க் குரல்கள் கேட்க ஆரம்பித்துவிடும். பொங்கல் விடுமுறை முடியும்வரை குறையாது. தெற்கு கோவாவில் ஒரு கடற்கரைக் குடிலில் மீன் வாங்குவதும், மாலையில் மேசைகளைக் கவனிப்பதும் என் வேலை. மூங்கிலும் ஓலையும் வைத்துக் கட்டும் இந்தக் குடில்களை இங்கே ஷாக் என்பார்கள். மழைக்காலம் ஓய்ந்ததும் எழுப்புவார்கள், மே முடிவதற்குள் பிரித்துவிடுவார்கள். மணலில் மேசை நாற்காலி, பின்னால் ஒரு சின்ன சமையலறை, ஓரமாக ஒரு பார், முன்னால் கடல். அவ்வளவுதான் குடில்.

முதல்முறை வருகிறவர்கள் என்னென்ன தவறு செய்யப்போகிறார்கள் என்பது அவர்கள் உட்காரும்போதே தெரிந்துவிடுகிறது. நான் சுற்றுலாவுக்கு வந்துபோன காலத்தில் செய்தவையும் இவைதான். அதனால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வெயிலுக்குத் தொப்பி போடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு தவறைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது மூன்றாவதாக வருகிறது.

இருட்டிய பிறகு வந்து சேருவது

நம் ஊர்க் கடற்கரை கிழக்கே பார்த்தது. சூரியன் கடலிலிருந்து எழும்பும், சாயங்காலம் ஊருக்குப் பின்னால் போய் மறையும். அதனால் மாலைக் கடற்கரை என்றால் நமக்குக் காற்றும் சுண்டலும்தான். எட்டு மணிக்குப் போனாலும் ஒன்றும் குறைந்துவிடாது. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் அறையில் படுத்து எழுந்து, குளித்து, ஏழரை மணிக்கு மேல் வருகிறார்கள். டிசம்பரில் ஆறு மணி சுமாருக்கே சூரியன் கடலில் இறங்கிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் ஏழு மணி வரை இருக்கும். எதற்காக இவ்வளவு தூரம் ரயிலேறி வந்தார்களோ அது முடிந்த பிறகு வந்து, கறுப்பாக இருக்கும் ஒரு திசையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள்.

ஐந்து மணிக்கு வாருங்கள். முன்வரிசை மேசை கிடைக்கும். பரிமாறுகிற பையன்களுக்கும் அந்த நேரத்தில் நின்று பேச அவகாசம் இருக்கும். இன்னொரு லாபமும் உண்டு. பகல் வெளிச்சத்தில் மீனின் கண்ணைப் பார்க்கலாம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் எல்லா மீனும் நல்ல மீன்தான்.

எந்தக் கடற்கரை என்று யோசிக்காமல் கிளம்புவது

பாகா, கலங்குட் பக்கம் கூட்டமும் பாட்டும் இருக்கும். நண்பர்கள் பட்டாளமாக வந்தால் சரி. வயதான அம்மா அப்பாவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு அங்கே போய், ஒலிபெருக்கிக்குப் பக்கத்து மேசையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அவர்களுக்குத் தெற்கே பெனாலிம், வார்கா, பட்னேம் இருக்கின்றன. பேச்சு காதில் விழும் இடங்கள்.

இதற்கு நேரெதிராக, ஆட்டம்பாட்டம் எதிர்பார்த்து அகோண்டாவுக்குப் போகிறவர்களும் உண்டு. அகோண்டா, கல்ஜிபாகா, வடக்கே மோர்ஜிம், மாந்திரெம் ஆகிய இடங்களில் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. பெசன்ட் நகரில் இரவு நடை போய் முட்டைகளைச் சேகரிக்கிறார்களே, அதே ஆமை. அதற்காக இந்தக் கடற்கரைகளில் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. மற்ற இடங்களிலும் திறந்தவெளியில் ஒலிபெருக்கி இரவு பத்து மணியோடு நிற்க வேண்டும், அது நாடு முழுவதற்குமான விதி. பத்து மணிக்குப் பாட்டை நிறுத்தியதற்காகப் பரிமாறுகிறவனிடம் சண்டை போடாதீர்கள். அவன் கையில் எதுவும் இல்லை.

விலை எழுதாத வரியைக் கைகாட்டுவது

இதைத்தான் சொல்ல வந்தேன்.

குடிலின் உணவுப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் எதிரே விலை இருக்கும். மீன்குழம்புச் சோறு, இறால் மசாலா, கணவாய் வறுவல், எதை எடுத்தாலும் ஒரு எண் இருக்கும். கீழே ஒரு பகுதியில் மட்டும் எண் இருக்காது. முழு சங்கரா, வெள்ளை வவ்வால், வஞ்சிரம் துண்டு, டைகர் இறால், நண்டு, சிங்கி இறால். அவற்றுக்கு எதிரே ‘ஏ.பி.எஸ்.’ என்று மூன்று எழுத்து. அளவைப் பொறுத்து விலை என்று அர்த்தம். அந்த முறையில் எந்தத் தப்பும் கிடையாது. மீன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு எடை, சந்தையில் விலை தினமும் மாறுகிறது. விடியும் முன்னால் மட்காவ் மொத்தச் சந்தையில் நான் கொடுக்கும் விலை நேற்று ஒன்று, இன்று ஒன்று. அதை அச்சடித்து வைக்க முடியாது.

தப்பு எங்கே நடக்கிறது என்றால், மேசையில். ஏழு மணிக்கு மேல் ஒரு பையன் தட்டில் ஐஸ் பரப்பி, மேலே மீன்களை அடுக்கி எடுத்துவருவான். எலுமிச்சைத் துண்டும் கொத்தமல்லியும் வைத்து அழகாக இருக்கும். எல்லோரும் போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள். யாரோ ஒருவர் பெரிய சங்கராவைக் காட்டி எவ்வளவு என்பார். பையன் ஒரு எண்ணைச் சொல்வான். இவர் நண்பர்களைப் பார்ப்பார், அவர்கள் தலையாட்டுவார்கள். முடிந்தது. அந்த எண் கிலோவுக்கா, அந்த மீனுக்கா, நூறு கிராமுக்கா என்று யாரும் கேட்கவில்லை. மீன் எவ்வளவு எடை என்று கேட்கவில்லை. தராசு எங்கே என்றும் கேட்கவில்லை.

கிலோ 1,800 ரூபாய் என்று அவன் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். இவர்கள் மீனே 1,800 என்று நினைத்துவிட்டார்கள். மீன் 1 கிலோ 600 கிராம் இருந்தால் 2,880 ரூபாய். கூடவே மசாலா, பொரித்த உருளைக்கிழங்கு, சாலட் என்று தனியாகச் சேர்க்கிற இடமும் உண்டு. இதைவிட மோசமானது நூறு கிராம் கணக்கு. சென்ற சீசனில் ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் எங்களிடம் வந்தது. முந்தின நாள் வேறொரு கடற்கரையில் சாப்பிட்ட பில்லைப் போனில் படமெடுத்து வைத்திருந்தார்கள். தமிழ் பேசுகிற ஆள் கிடைத்ததும் காட்டினார்கள். டைகர் இறால் 220 என்று காதில் விழுந்திருக்கிறது. ஒரு தட்டுக்கு 220 பரவாயில்லையே என்று எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள். அது நூறு கிராமுக்கு. வந்த இறால் 1 கிலோ 200 கிராம், 2,640 ரூபாய். “எறா நல்லாத்தாங்க இருந்துச்சு, ஆனா பில்லப் பாத்ததுக்கப்புறம் தின்னது ஒட்டல” என்றார் அந்த அப்பா. மிச்ச நாட்களுக்கு வைத்திருந்த பணத்தில் பெரிய ஓட்டை. அன்று எங்களிடம் மீன்குழம்புச் சோறு மட்டும் சொன்னார்கள். பிள்ளைகள் பக்கத்து மேசை நண்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த இடத்தில் சட்டப்படி ஏமாற்றினார்களா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். 220 என்று சொன்னது உண்மைதான். நூறு கிராமுக்கு என்பதை மட்டும் தாழ்ந்த குரலில் சொல்லியிருப்பார்கள், அல்லது சொல்லாமலே விட்டிருப்பார்கள். இந்தத் தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில் எனக்கு இது கோபம் வரவைக்கிற விஷயம். ஒரு குடும்பத்தின் ஒரு மாலையைக் கெடுத்து அதில் சம்பாதிக்கிற காசு எதற்கு?

அதேசமயம் நம் ஆட்கள் மேலும் வருத்தம் இருக்கிறது. காசிமேட்டிலோ கடலூர் துறைமுகத்திலோ செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காதவர்கள் நாம். ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசி, நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வருகிற ஆட்கள். அப்படிப்பட்டவர்கள் மெழுகுவத்தி ஏற்றிய மேசையில் உட்கார்ந்ததும் ஏன் வாயை மூடிக்கொள்கிறார்கள்? நண்பர்கள் முன்னால் விலை கேட்டால் கஞ்சன் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். புதிதாகக் கல்யாணமானவர் என்றால் இன்னும் அதிகம். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கோவாக்காரர்கள் சாப்பிட வந்தால் எல்லாவற்றையும் கேட்பார்கள். எந்தப் படகுத்துறையில் வந்தது, இன்று வந்ததா நேற்று வந்ததா, எத்தனை கிலோ, எவ்வளவு. தேவைப்பட்டால் சமையலறைக்கே வந்து பார்ப்பார்கள். நாங்கள் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கேட்கிறவருக்கு மீன் தெரியும் என்ற மரியாதைதான் வரும்.

சரி, எப்படிச் சொல்ல வேண்டும்?

முதலில் விலை கிலோவுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். நூறு கிராம் கணக்கில் சொன்னால் பத்தால் பெருக்கி நீங்களே உரக்கச் சொல்லி, சரிதானே என்று கேளுங்கள். அப்புறம் மீனை உங்கள் கண் முன்னால் எடை போடச் சொல்லுங்கள். தட்டோடு எடை போட்டால், காலித் தட்டை வைத்தபோது தராசு பூஜ்யம் காட்டியதா என்று பாருங்கள். ஈரத் தட்டும் ஐஸும் சேர்ந்தால் சாதாரணமாக அரைக் கிலோ இருக்கும். மின்னணுத் தராசுக்கு எடையளவுத் துறை வருடத்துக்கு ஒரு முறை முத்திரை வைக்க வேண்டும் என்பது சட்டம், நல்ல இடத்தில் அந்த முத்திரை இருக்கும். எடை தெரிந்ததும் மொத்தத் தொகையைக் கேளுங்கள். சமைக்கும் கூலி, மசாலா, கூட வருகிற பதார்த்தங்கள் எல்லாம் அதில் அடக்கமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். கடைசியாக, எடையையும் தொகையையும் ஆர்டர் சீட்டில் எழுதச் சொல்லி, அதை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமாக இரண்டு நிமிட வேலை. இதற்கு முகம் சுளிக்கிற இடமாக இருந்தால் எழுந்து பக்கத்துக் குடிலுக்குப் போய்விடுங்கள். மணலில் இருபது அடி நடந்தால் அடுத்தது வந்துவிடும்.

எடை என்றால் என்ன எடை என்பதும் முக்கியம். தலை, குடல், செதில் எல்லாம் சேர்ந்த பச்சை மீனின் எடை அது. முழு சங்கராவில் சாப்பிடுகிற சதை பாதிக்கும் கொஞ்சம் குறைவு. சிங்கி இறாலில் வால் சதை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, நண்டில் அதைவிடவும் குறைவு. வஞ்சிரம் துண்டில் நடுமுள்ளைத் தவிர எல்லாம் சதை. அதனால் கிலோ விலையை மட்டும் ஒப்பிட்டு நண்டு மலிவு, வஞ்சிரம் அதிகம் என்று முடிவு செய்தால் கணக்கு தப்பும். நாலு பேர், கூடவே வேறு இரண்டு மூன்று பதார்த்தங்கள் என்றால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலான ஒரு முழு மீன் போதும். பையன் இரண்டு கிலோ மீனைத் தூக்கிக் காட்டுவான். படத்தில் அதுதான் அழகாக இருக்கும், தட்டில் பாதி மிச்சமாகும். சிங்கி இறாலை, நேராகச் சொல்கிறேன், நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அந்தக் காசுக்கு மேசையில் எல்லோரும் வயிறாற வேறு மீன் சாப்பிடலாம்.

புது மீனா என்று பார்ப்பது உங்களுக்குத் தெரிந்த வித்தைதான், அதை இங்கே மறந்துவிடாதீர்கள். கண் தெளிவாகத் துருத்திக்கொண்டு இருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்திய பள்ளம் உடனே எழும்ப வேண்டும். இறாலின் தலையும் காலும் கறுத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நண்டு கையில் கனமாக இருக்க வேண்டும். தட்டில் காட்டிய மீனே சமைத்து வருமா என்ற சந்தேகமும் நியாயமானதுதான். முழு மீன் என்றால் தலையோடு வரச் சொல்லுங்கள். நீங்கள் எடுத்த படம் கையில் இருக்கிறது.

மாதத்தையும் பாருங்கள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நம் பக்கம் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு கரையிலும் படகுகள் நிற்கின்றன. மணல் குடில்கள் அப்போது இருக்காது என்றாலும் நிரந்தரக் கட்டடத்தில் இருக்கும் கடலோர உணவகங்கள் திறந்திருக்கும். அங்கே ஜூன் கடைசியில் பெரிய சங்கராவைக் காட்டி இன்று பிடித்தது என்று யாராவது சொன்னால், எந்தப் படகில் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஐஸ் பெட்டியில் வெகுநாள் இருந்ததாகவோ வெளிமாநிலத்திலிருந்து லாரியில் வந்ததாகவோ இருக்கும். வெளியூர் மீன் வருவது ரகசியமும் அல்ல. 2018 ஜூலையில் மட்காவ் சந்தையில், மீன் கெடாமல் இருக்க ஃபார்மலின் என்ற ரசாயனம் கலக்கிறார்கள் என்ற பிரச்சினை வெடித்தபோது, வெளிமாநில மீன் லாரிகளையே கோவா அரசு கொஞ்ச நாள் தடுத்து நிறுத்தியது. மழை மாதங்களில் வந்தால் ஆற்று மீனும் மட்டியும் கேளுங்கள். இல்லையென்றால் கோழி சாப்பிடுங்கள், அதில் குறைவொன்றும் இல்லை.

இவ்வளவையும் கவனிக்க உங்களுக்கு மனமில்லையா? அப்படியானால் விலை எழுதிய வரிகளிலேயே சாப்பிடுங்கள். என் கையில் விட்டால் உங்களுக்குக் கானாங்கெளுத்திதான் வைப்பேன். இங்கே பாங்டா என்பார்கள். முதுகைக் கீறி, காய்ந்த மிளகாயும் பூண்டும் வினிகரும் சேர்த்து அரைத்த ரெஷாதோ மசாலாவை உள்ளே அடைத்துத் தோசைக்கல்லில் பொரிப்பார்கள். பட்டியலில் மலிவான மீன் அது. காலையில் வந்தது மாலைக்குள் தீர்ந்துவிடுவதால் பெரும்பாலும் புதிதாகவே இருக்கும். கோவாக்காரர்கள் வீட்டில் சாப்பிடுவதும் அதைத்தான். தராசே தேவையில்லை.

எல்லா மீனுக்கும் பட்டர் கார்லிக் சொல்வது

எப்படிச் சமைக்க என்று கேட்டால் பத்தில் எட்டு மேசை பட்டர் கார்லிக் என்கிறது. இறாலுக்கும் கணவாய்க்கும் அது பொருந்தும். நல்ல வஞ்சிரத்தை வெண்ணெயில் மூழ்கடித்தால் சாப்பிடுவது வெண்ணெயும் பூண்டும்தான். வஞ்சிரத்துக்கு ரவை தூவிய வறுவல் போதும். கிழங்கானுக்கும் அதுவே. முழு சங்கராவைத் தந்தூரி அடுப்பில் வைக்கச் சொல்லாதீர்கள், ஓரம் வறண்டுவிடும். ரெஷாதோ தடவித் தோசைக்கல்லில் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் வெறும் உப்பும் எலுமிச்சையும் போட்டுச் சுடச் சொல்லுங்கள்.

புளிப்பு பிடித்தவர்கள் அம்போட்டிக் கேளுங்கள். சுறாவைப் புளிப்பும் காரமுமாக வைக்கிற குழம்பு. நம் ஊர் மீன்குழம்பு சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு உடனே பிடித்துவிடும். தொட்டுக்கொள்ள பொய் என்கிற தவிட்டு ரொட்டி சொல்லுங்கள், நான் ரொட்டி வேண்டாம். கோவா வரை வந்து பன்னீர் பட்டர் மசாலாவும் நான் ரொட்டியும் கேட்கிற மேசைகளுக்கு நாங்கள் கொடுக்கத்தான் செய்கிறோம். ஆனால் சமையல்காரர் அதைச் செய்யும்போது அவர் முகத்தில் எந்த ஆர்வமும் இருக்காது.

ஒன்பது மணிக்குப் பெரிய மீன் சொல்வது

சமையலறை சின்னது, அடுப்பு மூன்றோ நாலோ. எட்டரைக்கும் பத்துக்கும் நடுவில் எல்லா மேசையும் ஒரே நேரத்தில் பசி என்னும். முழு மீன் பக்குவமாக வேக முக்கால் மணி நேரம் ஆகும், கூட்டத்தில் அவசரப்படுத்தினால் நடுமுள் பக்கம் வேகாது. ஏழு மணிக்கே சொல்லிவிட்டு, எட்டரைக்குக் கொண்டுவா என்று நேரமும் சொல்லுங்கள்.

ஃபெனியை ஒரே மடக்கில் குடிப்பது

முந்திரிப் பழத்தைப் பிழிந்து, சாறைத் தானாக நுரைக்க விட்டு, முதல் முறை வடித்தால் வருவது உர்ராக். அதை மறுபடி புதுச்சாறோடு சேர்த்து வடித்தால் ஃபெனி. உர்ராக்கில் ஆல்கஹால் சுமார் பதினைந்து சதவீதம் இருக்கும். ஃபெனியில் நாற்பதுக்கு மேல். முந்திரி ஃபெனிக்கு 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தெற்கு கோவாவில் தென்னங்கள்ளிலிருந்தும் ஃபெனி வடிக்கிறார்கள், வாசனை கொஞ்சம் மென்மையாக இருக்கும்.

இளைஞர்கள் வந்ததும் சின்னக் கிளாஸில் வாங்கி, போட்டி போட்டு, அண்ணாந்து ஊற்றிக்கொள்கிறார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் முகம் கோணுகிறது. இனி ஃபெனியே வேண்டாம் என்று முடிவுகட்டிவிட்டு பீருக்குப் போகிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். ஒரு ஊரே தலைமுறை தலைமுறையாகப் பக்குவமாகச் செய்துவரும் சாராயம் அது. எலுமிச்சை சோடா, ஒரு சிட்டிகை உப்பு, கீறிய பச்சைமிளகாய் ஒன்று, நிறைய ஐஸ், அதில் கொஞ்சம் ஃபெனி. மெதுவாகக் குடிக்க வேண்டும். மார்ச் முதல் மே வரை வந்தால் உர்ராக் கேளுங்கள், அதே மாதிரி கலந்து தருவார்கள். சீசன் முடிந்தால் நல்ல உர்ராக் கிடைக்காது, அது வைத்திருந்து குடிக்கிற சரக்கு அல்ல.

வெறும் வயிற்றில் எதுவும் வேண்டாம். பகலெல்லாம் வெயிலில் அலைந்த உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும். முதலில் ஒரு பாட்டில் தண்ணீர், ஏதாவது கொறிக்க, அப்புறம் மற்றது. இன்னொன்று, இங்கேயும் 21 வயது ஆகியிருக்க வேண்டும். வயது சந்தேகம் வந்தால் அடையாள அட்டை கேட்பேன். கல்லூரிப் பிள்ளைகள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

குடித்துவிட்டுக் கடலில் இறங்குவது

கூடவே கூடாது. உயிர்காப்பாளர்கள் காவல் பகல் நேரத்துக்குத்தான்.

பாட்டிலோடு மணலில் நடப்பது

குடிலுக்குள் குடியுங்கள். வெளியே மணலில் குடித்தால் அபராதம் உண்டு. உடைந்த கண்ணாடி காலையில் வலை இழுக்க வருகிறவர்களின் காலில்தான் ஏறுகிறது.

திரும்பும் வழியைக் கடைசியில் யோசிப்பது

சென்னை நினைப்பில் ஓலா, ஊபர் வரும் என்று இருந்துவிடாதீர்கள், இங்கே அவை ஓடுவதில்லை. கோவாமைல்ஸ் செயலி இருக்கிறது. ஆனால் பதினோரு மணிக்கு ஒதுக்குப்புறமான கடற்கரைக்கு வண்டி வருவது நிச்சயமில்லை. கொண்டுவந்து விட்ட டாக்சிக்காரரிடமே திரும்பும் நேரமும் வாடகையும் பேசி, எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அல்லது நடந்து போகிற தூரத்தில் அறை எடுங்கள், அதுதான் எல்லாவற்றிலும் நல்லது.

வாடகை ஸ்கூட்டரில் வந்துவிட்டு, இரண்டே பீர்தானே என்று திரும்ப ஓட்டிப்போவதை நான் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டேன், சாவியைக் கேட்டு வாங்கிவிடுவேன். சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அது போகட்டும். கடற்கரையிலிருந்து பெரிய சாலைக்குப் போகும் பாதைகள் குறுகலானவை, விளக்கு குறைவு, வளைவில் திடீரென்று மாடு படுத்திருக்கும். தெரிந்த பாதையில் நிதானமாக ஓட்டுகிறவர்களே விழுகிறார்கள். வாடகை எடுக்கும்போதே நம்பர் பலகையையும் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால்தான் வாடகைக்கு அனுமதி பெற்ற வண்டி. வெள்ளைப் பலகை யாரோ ஒருவருடைய சொந்த வண்டி. அதை வாடகைக்கு எடுத்தால் போலீஸ் பிடிக்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பில்லை மடித்து அப்படியே பணம் வைப்பது

வெளிச்சம் இருக்கிற இடத்துக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள். ஆர்டர் சீட்டின் படத்தில் இருக்கும் எடையும் பில்லில் இருக்கும் எடையும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அது மாநில வரிக்குள் வருவது. இரண்டையும் கூட்டி மொத்தத்துக்கும் 5 சதவீதம் போட்டிருந்தால் தவறு, திருத்தித் தரச் சொல்லுங்கள். விற்பனையில் ஒரு சிறு பங்கைத் தானே வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் பதிவு செய்த சின்ன உணவகம் உங்களிடம் ஜி.எஸ்.டி. வாங்கவே கூடாது.

சேவைக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை இருந்தால் அதைக் கொடுப்பது உங்கள் விருப்பம். கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பில்லிலிருந்து அதை நீக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அந்தக் காசைப் பரிமாறிய பையன் கையில் நேராகக் கொடுங்கள். நேபாளம், ஒடிசா, உத்தரப் பிரதேசம் என்று எங்கிருந்தோ ஒரு சீசனுக்காக வந்திருப்பான். மே மாதம் குடிலைப் பிரித்ததும் அவனுக்கு இங்கே வேலை இல்லை.